அணைத்தவர் பெயர் மட்டும்தான் லாக்கில் இருந்தது

பெங்களூருவில் பொம்மசந்திரா தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் சிஸ்டம் அட்மினாக இருக்கிறேன். சொந்த ஊர் கிருஷ்ணகிரி. அம்மாவும் நானும் சந்தாபுராவில் குடியிருக்கிறோம். தொழிற்சாலையில் அறுநூறு பேர். ஐடி பிரிவில் மூன்றே பேர்: மேனேஜர், நான், அப்புறம் வாணியம்பாடியிலிருந்து வந்து சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத ஒரு தம்பி. இரண்டு டொமைன் கன்ட்ரோலர்கள் இருக்கின்றன. யார் உள்ளே நுழையலாம், யாருக்கு எந்த ஃபோல்டர், எல்லாம் அந்த இரண்டு சர்வரில் ஓடும் ஆக்டிவ் டைரக்டரியின் கையில். யார் எப்போது என்ன செய்தார் என்று சர்வரின் பதிவேடான லாக்கில் எழுதவைக்கும் ஆடிட் செட்டிங்குகள் அதில் உண்டு. அவற்றை ஒரு ராத்திரி நான் மொத்தமாக அணைத்தேன். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் எழுதுகிறேன். அன்றைக்கு யாராவது ஒருவர், "இதைத் தொடாதே, முதலில் அதைப் பார்" என்று சொல்லியிருந்தால் எனக்கு இரண்டு மாதத் தூக்கம் மிஞ்சியிருக்கும்.

ஆரம்பம் ஒரு திங்கட்கிழமை. வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் பாதுகாப்புத் தணிக்கைக்கு ஆள் அனுப்பப்போவதாகச் சொல்லியிருந்தார். அதற்குத் தயாராக எங்கள் நிர்வாகம் வெளியிலிருந்து ஒரு எக்செல் பட்டியல் வாங்கிவந்தது. அதில் ஒரு வரி: ஆடிட் பாலிசியில் எல்லாப் பிரிவுகளும் இயங்க வேண்டும். எல்லாப் பிரிவுகளும் என்றால் என்ன அளவு வரும் என்று நான் யோசிக்கவில்லை. எல்லா மெஷின்களுக்கும் ஒரே இடத்திலிருந்து செட்டிங் போடும் குரூப் பாலிசியைத் திறந்து, அட்வான்ஸ்டு ஆடிட் பாலிசியில் ஐம்பதுக்கும் மேலான துணைப்பிரிவுகள் ஒவ்வொன்றிலும் சக்சஸ் (நடந்த செயல்), ஃபெயிலியர் (தோற்ற முயற்சி) இரண்டுக்கும் டிக் போட்டேன். பட்டியலில் அடுத்த வரி, லாக் நிரம்பினால் பழையதை மேலெழுதாமல் ஆர்க்கைவ் செய்ய வேண்டும் என்றது. அதையும் செய்தேன். எங்கள் சர்வரில் செக்யூரிட்டி லாக்கின் அளவு 128 எம்பி. அது நிரம்பியதும் விண்டோஸ் அதை ஒரு தனி ஃபைலாக மூடி, அதே ஃபோல்டரில், அதாவது சி டிரைவில், போட்டுவிட்டு அடுத்ததைத் தொடங்கும். பழையதை எடுத்து வேறு இடத்துக்குக் கொண்டுபோகிற வேலையை அது செய்யாது. நாம்தான் செய்ய வேண்டும். எனக்கு அது உறைக்கவில்லை.

கணக்கு இப்படி ஓடியது. இருபது நிமிடத்துக்கு ஒரு ஃபைல். ஒரு நாளைக்கு எழுபத்திரண்டு. அதாவது தினம் ஒன்பது ஜிபிக்கு மேல். முதல் சர்வரின் சி டிரைவில் காலியாக இருந்தது 38 ஜிபி. வெள்ளிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு அது தீர்ந்தது.

அன்றைக்கு ராத்திரி ஊருக்குப் போக பையோடு ஆபீஸ் வந்திருந்தேன். மறுநாள் சித்தப்பா பேத்திக்கு மஞ்சள் நீராட்டு விழா. சந்தாபுரா நிறுத்தத்தில் பஸ்ஸுக்கு நின்றபோது தம்பி போன் செய்தான். "அக்கா, நைட் ஷிஃப்ட்ல யாருக்குமே சிஸ்டம் சரியா வரல. பாஸ்வேர்ட் மாத்தினா எரர் வருது. புதுசா ஆன் பண்ற மெஷினுக்கு ஐபி கிடைக்கல." திரும்பி ஆட்டோ பிடித்தேன். போய்ப் பார்த்தால் சி டிரைவில் மிச்சம் சுழியம். எங்கள் ஆக்டிவ் டைரக்டரி டேட்டாபேஸும் அதே டிரைவில்தான். எழுத இடமில்லாவிட்டால் அது எந்த மாற்றத்தையும் ஏற்றுக்கொள்ளாது. மெஷின்களுக்கு ஐபி முகவரி கொடுக்கும் டிஎச்சிபியும் அங்கேதான். ஷிஃப்ட் சூப்பர்வைசர் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை வந்து கதவருகில் நின்றார். மேனேஜர் போனில், "என்ன செய்வீர்களோ தெரியாது, லைன் நிற்கக் கூடாது" என்றார். எனக்குக் கை நடுங்கியது. பயத்தில் இருக்கும்போது கண்ணுக்குத் தெரிகிற பெரிய பொருளைத் தூக்கி எறியத்தான் மனம் போகிறது. ஆர்க்கைவ் என்று தொடங்கும் ஃபைல்கள் 297 இருந்தன. எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, ஷிஃப்ட்டும் டெலீட்டும் சேர்த்து அழுத்தினேன். பிறகு கட்டளைத் திரையைத் திறந்து ஆடிட்பால் கட்டளையை கிளியர் என்ற சொல்லோடு ஓட்டினேன். அந்த ஒரு வரி அந்த சர்வரில் உள்ள எல்லா ஆடிட் துணைப்பிரிவுகளையும் ஒரே மூச்சில் அணைத்துவிடும். மணி பதினொன்று நாற்பது. டிரைவ் மூச்சு விட்டது, லைன் ஓடியது, சூப்பர்வைசர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

இந்த இடத்தில் நிறுத்தி, அன்றைக்கு நான் செய்திருக்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இடம் வேண்டுமென்றால் ஃபைலை அழிக்க வேண்டியதில்லை. என் மேசை டிராயரிலேயே ஒரு 1 டிபி வெளி டிஸ்க் இருந்தது. முதல் ஐம்பது ஃபைலை அதற்கு நகர்த்தியிருந்தாலே ஆறு ஜிபி கிடைத்து சர்வர் எழுந்திருக்கும். மீதியை நிதானமாக நகர்த்தியிருக்கலாம். அடுத்து, எது இவ்வளவு எழுதுகிறது என்று எண்ண வேண்டும். விண்டோஸின் கட்டளைக் கருவியான பவர்ஷெல்லில் செக்யூரிட்டி லாக்கின் கடைசி இருபதாயிரம் நிகழ்வுகளை எடுத்து, ஈவென்ட் ஐடி (ஒவ்வொரு வகை நிகழ்வுக்கும் உள்ள எண்) வாரியாகச் சேர்த்து எண்ணச் சொன்னால் ஒரு நிமிடத்தில் விடை வரும். பின்னால் நான் எண்ணிப் பார்த்தபோது பத்தில் எட்டுக்கு மேல் 5156, 5158 என்ற இரண்டு எண்கள். அவை விண்டோஸ் ஃபயர்வால் அனுமதித்த ஒவ்வொரு நெட்வொர்க் இணைப்பையும் ஒவ்வொரு போர்ட் பிடிப்பையும் எழுதுகிறவை. பெயரைக் கொடுத்து முகவரி கேட்கும் டிஎன்எஸ் கேள்விகள் நாள் முழுக்க வந்துகொண்டிருக்கும் டொமைன் கன்ட்ரோலரில் இது அடைமழை. ஃபில்டரிங் பிளாட்ஃபார்ம் கனெக்ஷன் என்ற ஒரே ஒரு துணைப்பிரிவில் சக்சஸை மட்டும் எடுத்துவிட்டிருந்தால் பிரச்சினை அங்கேயே தீர்ந்திருக்கும். மற்ற ஐம்பது சொச்சமும் ஒரு தப்பும் செய்யவில்லை.

சரி, கதைக்கு வருகிறேன். சனிக்கிழமை விடியற்காலை பஸ் பிடித்து ஊருக்குப் போனேன். விழா முடிந்து பந்தியில் உட்கார்ந்திருந்தபோது மணி நாலு இருக்கும், தம்பி மறுபடி அழைத்தான். "அக்கா, மறுபடியும் அந்த ஃபைலெல்லாம் வருதே." எனக்குப் புரியவே இல்லை. அணைத்துவிட்டுத்தானே வந்தேன்? இலையை மூடிவிட்டு, அரிசி மூட்டை அடுக்கியிருந்த அறையில் லேப்டாப்பைத் திறந்து, போன் ஹாட்ஸ்பாட்டில், வெளியிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க்கில் நுழைய உதவும் விபிஎன் போட்டு உள்ளே போனேன். காரணம் எளிமையானது. ஆடிட்பால் கட்டளையால் மாற்றுவது அந்த சர்வரின் அப்போதைய நிலையை மட்டும்தான். குரூப் பாலிசியில் எழுதியிருப்பது அப்படியே இருக்கிறது. டொமைன் கன்ட்ரோலர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை குரூப் பாலிசியில் மாற்றம் உண்டா என்று பார்க்கும். மாற்றமே இல்லாவிட்டாலும் பதினாறு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதுகாப்பு செட்டிங்குகளை மறுபடி அழுத்திப் போடும். நான் அணைத்ததை அது திருப்பி ஏற்றிவிட்டது. உடனே பாலிசியைத் திறந்தேன். பின்னால் அறையில் குழந்தைகள் ஓடி விளையாடிக்கொண்டிருந்தார்கள், அம்மா வாசலில் நின்று "இன்னும் எவ்வளவு நேரம்மா" என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு துணைப்பிரிவாகத் திறந்து சக்சஸ், ஃபெயிலியர் டிக்குகளை எடுத்தேன். ஏழு மணிக்குள் இரண்டு சர்வரிலும் ஆடிட்டிங் சுத்தமாக நின்றது. தம்பியிடம், "திங்கட்கிழமை வந்து ஒழுங்காகச் செய்துகொள்ளலாம்" என்றேன்.

அந்த மூன்று மணி நேரத் தடுமாற்றத்தில் கற்றது இது. பாலிசியில் நாட் கன்ஃபிகர்டு என்று விடுவது அணைப்பது ஆகாது. இந்தப் பாலிசி இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்றுதான் அதற்குப் பொருள். வேறொரு பாலிசி ஏதாவது சொல்லியிருந்தால் அது வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒரு துணைப்பிரிவை உண்மையில் அணைக்க வேண்டுமென்றால் கன்ஃபிகர் என்ற கட்டத்தில் டிக் இருக்க வேண்டும், அதன் கீழே சக்சஸ், ஃபெயிலியர் இரண்டும் காலியாக இருக்க வேண்டும். பழைய ஒன்பது பிரிவு ஆடிட் பாலிசியையும் புதிய துணைப்பிரிவுப் பாலிசியையும் கலந்து வைத்தால் எது வென்றது என்று தெரியாமல் தலை சுற்றும். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். துணைப்பிரிவுகளைத் தேர்ந்தெடுத்தால், அவைதான் பழைய பிரிவுகளை மீறும் என்று கட்டாயப்படுத்தும் செட்டிங் ஒன்று செக்யூரிட்டி ஆப்ஷன்ஸில் இருக்கிறது, அதை இயக்கிவிடுங்கள். திரையில் பாலிசி எடிட்டர் எதைக் காட்டினாலும் நம்பாதீர்கள். ஆடிட்பால் கெட் கட்டளை காட்டுவதுதான் அந்த சர்வரில் அந்த நிமிடம் உண்மையாக ஓடுவது. அதே கட்டளையில் பேக்கப் என்று ஒன்று உண்டு. கைவைப்பதற்கு முன் எல்லா செட்டிங்குகளையும் ஒரு சிறிய ஃபைலில் எழுதி வைக்கும், ரீஸ்டோர் கொடுத்தால் அப்படியே திரும்பும். அரை நிமிட வேலை. அதை நான் செய்திருந்தால் பழைய நிலை என்ன என்பது திங்கட்கிழமை காலை கையில் இருந்திருக்கும். ஆனால் பாலிசியையும் அதன்படி திருத்த வேண்டும், இல்லாவிட்டால் அது மறுபடி மாற்றிவிடும்.

திங்கட்கிழமை வந்தது. பிரிண்டர் சர்வர் படுத்துவிட்டது. செவ்வாய்க்கிழமை புதிதாகச் சேர்ந்த முப்பது பேருக்குக் கணக்கு திறக்க வேண்டியிருந்தது. தணிக்கைக்கான மற்ற வரிகள் பாக்கி இருந்தன. எந்தத் தாளிலும், எந்த டிக்கெட்டிலும், யாருக்கும் ஒரு மெயிலிலும் நான் ஆடிட்டிங்கை அணைத்தேன் என்று எழுதியிருக்கவில்லை. எக்செல் பட்டியலில் அந்த வரிக்கு எதிரே "முடிந்தது" என்றே இருந்தது. மறந்துவிட்டேன். இதை மென்மையாக்கிச் சொல்ல விருப்பமில்லை. இருபத்து மூன்று நாள், அறுநூறு பேர் கணக்கு இருக்கும் இரண்டு சர்வர்களும் யார் என்ன செய்தார்கள் என்ற ஒரு வரிகூட எழுதாமல் ஓடின.

தணிக்கைக்கு வந்தவர் அமைதியான மனிதர். முதல் மணி நேரத்திலேயே டொமைன் அட்மின்ஸ் குழுவில் யார் யார் என்று கேட்டார். ஐந்து பெயர் இருக்க வேண்டும். ஆறு இருந்தன. ஆறாவது, பேக்கப் மென்பொருள் ஓடும் சர்வீஸ் கணக்கு. மொத்த நிறுவனத்தின் சாவியும் கையிலுள்ள குழு அது. ஒரு சர்வீஸ் கணக்குக்கு அங்கே வேலையே இல்லை. "இதை யார், எப்போது சேர்த்தார்கள்?" என்றார். குழுவில் ஒருவரைச் சேர்த்ததைச் சொல்லும் நிகழ்வு எண் 4728. லாக்கில் அதைத் தேடினால் வந்துவிடும் என்று, லாக்கைக் காட்டும் ஈவென்ட் வியூவரைத் திறந்தேன். ஒன்றும் இல்லை. அந்த நொடியில்தான் எனக்கு நினைவு வந்தது. வயிற்றுக்குள் ஏதோ கழன்று விழுந்த மாதிரி இருந்தது. அவர் பொறுமையாக, சனிக்கிழமை மிஞ்சியிருந்த ஒன்பது ஆர்க்கைவ் ஃபைல்களைத் திறந்தார். முதல் ஃபைலில், வெள்ளிக்கிழமை இரவு பதினொன்று நாற்பதுக்கு, 4719 என்ற நிகழ்வு அடுத்தடுத்து ஐம்பதுக்கு மேல். ஆடிட் பாலிசி மாற்றப்பட்டது என்று சொல்வது அது. அதை மட்டும் எந்த செட்டிங்காலும் நிறுத்த முடியாது, எப்போதும் எழுதும். ஒவ்வொரு வரியிலும் என் பெயர். சனிக்கிழமை பாலிசி வழியாக அணைத்ததற்கு சர்வரின் பெயரே பதிவாகியிருந்தது. ஆனால் அதைச் செய்ததும் நான்தான் என்று நானே சொன்னேன். மேனேஜர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

மாலைக்குள் அறை நிறைய ஆட்கள். சட்ட ஆலோசகர் வந்து, இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 ஏப்ரல் 28 உத்தரவை மேசையில் வைத்தார். நான் அதைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தேன், ஒழுங்காகப் படித்ததில்லை. கணினி அமைப்புகளின் லாக்குகளை 180 நாளுக்கு, இந்தியாவுக்குள், பத்திரமாக வைத்திருக்க வேண்டும். அனுமதியில்லாமல் உள்ளே நுழைந்ததாகத் தெரிந்தால் தெரிந்த நேரத்திலிருந்து 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். நான் அழித்த 297 ஃபைல்கள் அந்த 180 நாளுக்குள் வருபவை. அதை அவர் கத்திச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அதுவே தாங்கவில்லை. ஐந்தாவது மணி நேரத்தில் அறிக்கை போனது. நம்மைப் போன்ற சின்ன ஐடி பிரிவுகளில் இருப்பவர்கள் அந்த உத்தரவை ஒரு முறையாவது உட்கார்ந்து படித்துவிடுங்கள். லாக் என்பது நம் வசதிக்காக வைத்திருக்கும் பொருள் என்றே நான் நினைத்திருந்தேன். இடம் போதவில்லையென்றால் அழிக்க எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைத்திருந்தேன். இல்லை.

அதற்கடுத்த பத்து நாள்தான் மிகவும் கொடுமை. என் கணக்கை முடக்கினார்கள். லேப்டாப்பை வாங்கி வைத்துக்கொண்டார்கள். தினமும் வந்து காலி மேசையில் உட்கார்ந்து, கேட்கும்போது பதில் சொல்ல வேண்டும். பேக்கப் மென்பொருள் கொடுத்த நிறுவனத்துக்கு மெயில் போட்டதில், "நாங்கள் எதையும் மாற்றவில்லை" என்று பதில் வந்தது. வெளியாட்கள் கை கழுவிவிட்டால் மிச்சம் இருப்பது உள்ளாட்கள். உள்ளாட்களில் லாக்கை அணைத்தவள் நான். ஆறாவது பெயரைச் சேர்க்கத்தான் அணைத்தேனோ என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை, ஆனால் கேள்விகள் எல்லாம் அதைச் சுற்றியே வந்தன. இல்லை என்று நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை. நிரூபிக்கக்கூடியதை நானே அணைத்திருந்தேன். அம்மாவிடம் வேலை அதிகம் என்று மட்டும் சொன்னேன். ராஜினாமா கடிதம் எழுதி வைத்துவிட்டேன். தம்பி மட்டும் தினமும் சாப்பாட்டு நேரத்தில் வந்து எதிரே உட்கார்ந்தான். ஒன்றும் பேசமாட்டான். அது எவ்வளவு பெரிய துணை என்று அவனுக்குத் தெரியாது.

பதினோராம் நாள் தடயவியல் ஆலோசகர் ஒருவர் வந்தார். அவருக்கு நிறுவனம் கொடுத்தது 2,75,000 ரூபாய். அவர் முதல் மணி நேரத்தில் பார்த்த இரண்டு இடங்களைத்தான் எல்லோருக்கும் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் எனக்கு இரண்டுமே தெரியாது. தெரிந்திருந்தால் முதல் நாளே மேனேஜரிடம் சொல்லிப் பார்க்க வைத்திருப்பேன். ஆடிட்டிங் அணைந்திருந்தாலும் ஆக்டிவ் டைரக்டரி தன் டேட்டாபேஸுக்குள்ளேயே ஒரு குறிப்பு வைத்திருக்கிறது. சர்வர்கள் ஒன்றுக்கொன்று மாற்றங்களை அனுப்பிக்கொள்வதற்காக எழுதிக்கொள்ளும் குறிப்பு அது. ரெப்அட்மின் என்ற கருவியில் ஷோஆப்ஜ்மெட்டா கொடுத்து டொமைன் அட்மின்ஸ் குழுவைக் காட்டச் சொன்னால், ஒவ்வொரு உறுப்பினரும் எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எந்த சர்வரில் சேர்க்கப்பட்டார் என்று வரும். யார் சேர்த்தார் என்று மட்டும் வராது. எங்களுக்கு வந்த விடை: தணிக்கைக்கு ஒன்பது நாள் முந்தைய சனிக்கிழமை, பகல் 11:52, இரண்டாவது சர்வர். அதே நேரத்தில் விபிஎன் லாக்கைப் பார்த்தால், அன்றைக்குப் பதினொன்றிலிருந்து பன்னிரண்டரை வரை உள்ளே இருந்தது நான். அச்சகத்துக்கு ஒரு ஃபோல்டர் திறந்துவிட உட்கார்ந்திருந்தேன். அதைக் கேட்டபோது எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

இரண்டாவது இடம் என்னைக் காப்பாற்றியது. ரிமோட் டெஸ்க்டாப் சேவைகளுக்கு என்று டெர்மினல் சர்வீசஸ் லோக்கல் செஷன் மேனேஜர் என்ற தனி லாக் இருக்கிறது. ஆடிட் பாலிசிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அதில் 21 என்ற நிகழ்வு, ஒருவர் சர்வருக்குள் உட்கார்ந்ததையும் எந்த முகவரியிலிருந்து வந்தார் என்பதையும் எழுதும். இரண்டாவது சர்வரில் 11:38க்கு அட்மினிஸ்ட்ரேட்டர் என்ற பெயர். முகவரி இருக்க வேண்டிய இடத்தில் லோக்கல் என்று இருந்தது. அதாவது நெட்வொர்க் வழியாக வரவில்லை, அந்தப் பெட்டியின் முன்னாலேயே கீபோர்டில் கை வைத்தவர். எங்கள் இரண்டாவது சர்வர் விர்ச்சுவல் மெஷின் இல்லை, சர்வர் அறையில் தனியாக நிற்கும் பெட்டி. அப்படியானால் அன்றைக்கு யாரோ ஒருவர் கேட்டைத் தாண்டி உள்ளே வந்திருக்க வேண்டும்.

நான் எழுந்து கேட்டுக்கு ஓடினேன். காவலாளி அண்ணனிடம் வருகைப் பதிவேட்டைக் கேட்டேன். நீள நோட்டு, கோடு போட்டு கையால் எழுதியது. அந்தச் சனிக்கிழமைப் பக்கத்தில் நாலாவது வரி: பேக்கப் நிறுவனத்தின் பொறியாளர், காரணம் ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு) சர்வீஸ், உள்ளே 10:55, வெளியே 1:05, கையெழுத்து, வண்டி எண் உட்பட. அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுக்கும்போது அழுதுவிட்டேன். அண்ணன் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார். படத்தை அனுப்பிய பிறகு அந்தப் பொறியாளர் ஒப்புக்கொண்டார். டொமைன் கன்ட்ரோலரை பேக்கப் எடுக்கும் வேலை அனுமதிப் பிழையில் நின்றிருக்கிறது. சரியான அனுமதி எது என்று தேட நேரமில்லாமல் கணக்கைத் தூக்கி டொமைன் அட்மின்ஸில் போட்டிருக்கிறார். கெட்ட எண்ணம் இல்லை. பாஸ்வேர்டு அவருக்கு எப்படித் தெரியும்? இரண்டு வருஷம் முன்பு நிறுவும்போது நாங்களே சொன்னது. அதற்குப் பிறகு நாங்கள் மாற்றவேயில்லை.

இதில் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அன்றைக்கு ஆடிட்டிங் முழுதாக ஓடியிருந்தாலும் 4728 காட்டியிருக்கும் பெயர் அட்மினிஸ்ட்ரேட்டர் என்பதுதான். சொந்தக் கணக்கு இருந்தாலும் அந்தப் பெயரை நாங்கள் மூன்று பேரும், வெளியாட்கள் இரண்டு மூன்று பேரும் பயன்படுத்திக்கொண்டிருந்தோம். எல்லோருக்கும் பொதுவான ஒரு பெயரில் வேலை செய்தால் லாக் எவ்வளவு ஒழுங்காக எழுதினாலும் ஆளைக் காட்டாது. நேரம், சர்வர், கன்சோலில் உட்கார்ந்தாரா இல்லையா என்பதெல்லாம் அந்த நிமிடமே தெரிந்திருக்கும் என்பது உண்மை. பன்னிரண்டு நாள் ஆகியிருக்காது. ஆனால் அவரவர் சொந்த அட்மின் கணக்கில் மட்டும் வேலை செய்யாமல் ஆடிட்டிங்கைப் பற்றிப் பேசுவது பாதி வேலைதான். இப்போது மூன்று பேரும் அவரவர் தனிக் கணக்கில் மட்டும்தான் வேலை செய்கிறோம். அட்மினிஸ்ட்ரேட்டரின் பாஸ்வேர்டு உறையில் போட்டு ஒட்டி, நிர்வாகப் பெட்டகத்தில் இருக்கிறது.

இழப்பைக் கணக்குப் போட்டால், ஆலோசகருக்குக் கொடுத்தது போக, தணிக்கை அறிக்கையில் பெரிய குறை என்று விழுந்ததால் மறுதணிக்கைச் செலவும் நிறுவனத்தின் தலையில். எனக்கு அந்த வருஷ ஊதிய உயர்வு நின்றது, வருஷத்துக்கு ஐம்பத்து நாலாயிரம் ரூபாய். அதை நான் எதிர்க்கவில்லை, லாக்கை அழித்ததும் சொல்லாமல் விட்டதும் என் தவறு. ராஜினாமா கடிதத்தை மட்டும் கொடுக்கவில்லை. மேனேஜர், "நீயே இதைச் சரிசெய்" என்று சொல்லி என் கணக்கைத் திருப்பிக் கொடுத்தார்.

சரிசெய்தது இப்படி. குழு மாற்றங்கள், பயனர் கணக்கு மாற்றங்கள், கெர்பரோஸ் (டொமைனில் ஆளைச் சரிபார்க்கும் முறை) உள்நுழைவு, பாஸ்வேர்டு சரிபார்ப்பு, லாகான், கணக்குப் பூட்டு, ஆடிட் பாலிசி மாற்றம், டைரக்டரி சர்வீஸ் சேஞ்சஸ் ஆகியவை இரண்டு சர்வரிலும் எப்போதும் ஓடும். டைரக்டரி சர்வீஸ் சேஞ்சஸில் வரும் 5136 எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு பொருளில் எந்தப் புலம், எந்த மதிப்புக்கு மாறியது, மாற்றியவர் யார் என்று சொல்லும். எதை ஆடிட் செய்ய வேண்டும் என்று அந்தந்தப் பொருளிலும் குறித்திருந்தால்தான் அது எழுதும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபில்டரிங் பிளாட்ஃபார்ம் துணைப்பிரிவுகளையும், பொருள்களைத் திறந்து மூடுவதை எழுதும் ஹேண்டில் மானிபுலேஷனையும் அணைத்துவிட்டேன். இந்தத் தடவை ஒவ்வொன்றாக, ஒன்றை அணைத்து ஒரு நாள் பார்த்து, அப்புறம் அடுத்தது. லாக் ஃபைலை டி டிரைவுக்கு மாற்றினேன், ஆர்க்கைவ் ஃபைல்களும் அதன் கூடவே அங்கே போய்விடும், சி டிரைவை அது இனி முட்டாது. அளவை 1 ஜிபி ஆக்கினேன். தினமும் ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு சிறிய ஸ்கிரிப்ட் அவற்றை வேறொரு சேமிப்புப் பெட்டிக்குக் கொண்டுபோகிறது. செக்யூரிட்டி லாக் ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்குத் தானாகப் போகாது, இரண்டிலும் தனித்தனியாக எடுக்க வேண்டும். இரண்டாவது சர்வரை மறந்துவிடாதீர்கள்.

அந்த எக்செல் பட்டியலில் நான் அதிர்ஷ்டவசமாகச் செய்யாமல் விட்ட ஒரு வரி இருந்தது. ஆடிட் எழுத முடியாவிட்டால் சிஸ்டத்தை உடனே நிறுத்து என்ற செட்டிங். அதை இயக்கியிருந்தால், வெள்ளிக்கிழமை இரவு டிரைவ் நிரம்பி லாக் எழுத முடியாமல் போன கணத்தில் சர்வரே நீலத் திரையோடு நின்றிருக்கும். மறுபடி எழுந்தாலும் அட்மின்கள் தவிர வேறு யாரும் நுழைய முடியாது, விண்டோஸ் தன் செட்டிங்குகளை வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் கிராஷ் ஆன் ஆடிட் ஃபெயில் என்ற மதிப்பு 2 என்று மாறியிருக்கும். அதைக் கையால் திருத்தும்வரை அப்படியே நிற்கும். உங்கள் சர்வரில் அது என்னவாக இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள்.

4719 வந்தால் எங்கள் மூன்று பேருக்கும் மெயில் வரும்படி வைத்திருக்கிறேன். ஆடிட் செட்டிங்கில் எதைத் தொடுவதானாலும் முதலில் சர்வர் அறைக் கதவில் தொங்கும் நீள நோட்டில் எழுத வேண்டும்: எது, ஏன், யார் சொல்லி, எந்தத் தேதிக்குள் திரும்ப இயக்க வேண்டும். நோட்டு, கேட்டில் இருக்கும் அதே வகை. காவலாளி அண்ணனிடம் கேட்டு அவர் வாங்கும் கடையிலேயே வாங்கினேன். போன வாரம் ராத்திரி ஒன்பது மணிக்கு 4719 மெயில் வந்தது. நான் போனை எடுப்பதற்குள் தம்பி அழைத்துவிட்டான். "அக்கா, நான்தான். ஒரு துணைப்பிரிவை டெஸ்ட் பண்றேன். நோட்ல எழுதிட்டேன்."